மகள் என்பதற்குச் சான்று

ஒன்பது மணிக்கு வினாத்தாளைக் கொடுத்தேன், பன்னிரண்டு மணிக்கு விடைத்தாளை வாங்க வேண்டும், நடுவில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. நடக்கலாம், நிற்கலாம், ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். வெளியே ஏப்ரல் மாதத்துப் பனி பாதி உருகி, நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவே அழுக்காகக் கிடக்கிறது. மலைப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது. கனடாவில் ஆல்பெர்ட்டாவின் இந்தத் தெற்கு மூலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் இந்தக் காற்றை யாரோ கதவைத் தள்ளுகிற சத்தம் என்றுதான் காது முதலில் எடுத்துக்கொள்கிறது. இருபத்திரண்டு மாணவர்கள் குனிந்து எழுதுகிறார்கள். கடைசிக் கேள்விக்கு நாற்பது மதிப்பெண். பிளாக்ஃபுட் மொழி மூல அல்கோன்கியனின் மகளா, உடன்பிறந்தவளா? சான்று காட்டி வாதிடுக. போன வருஷமும் இதே கேள்விதான், அதற்கு முந்தின வருஷமும். மாற்றியிருக்கலாம். மாற்றத் தோன்றவில்லை. அக்கா இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பாளையங்கோட்டையில் மறுநாளே அடக்கம். நான் போகவில்லை. டிக்கெட் பார்த்தேன், பார்த்த பக்கத்தை மூடினேன். சித்தப்பா மகன் ஆசீர் ஃபோனில் காட்டிய அடக்க ஆராதனையைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். வாயசைவிலேயே எந்தப் பாட்டு என்று தெரிந்தது. மறுநாள் வகுப்புக்குப் போனேன், இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கோட்டுப் பையில் ஃபோன் இருக்கிறது, அதில் இன்று காலை ஆசீர் அனுப்பின செய்தி இருக்கிறது. "கெத்சிக்கா, கல்லறைக் கல்லுல எழுத்து வெட்டணும், கல்லுக்காரரு நாளைக்குக் காலையில ஆரம்பிக்கேன்னு சொல்லுதாரு. கீழ உங்க பேருக்கு முன்னால 'அன்புத் தங்கை'ன்னு போட்டுரலாமா? பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன், சொல்லிருங்க." அங்கே ராத்திரி பதினோரு மணி என்றால் இங்கே காலை பதினொன்றரை. இப்போது ஒன்பது நாற்பது.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், நான் பார்த்ததும் குனிந்துகொள்கிறான். என்ன எழுதுவான் என்று தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததைத்தான். அட்லாண்டிக் கரையில் மிக்மாக், நடுவில் ஓஜிப்வே, கிரீ, சமவெளியில் அரபாஹோ, மேற்கே மலையடிவாரத்தில் பிளாக்ஃபுட், எல்லாம் அல்கோன்கியன் என்ற ஒரே மொழிக்குடும்பம். பார்த்தால் அப்படித் தெரியாது. இலக்கணத்தைப் பார்த்தால் பிளாக்ஃபுட் இந்த வீட்டுப் பிள்ளைதான், எலும்பு அதே எலும்பு. சொற்களைப் பார்த்தால் வேறு எங்கோ வளர்ந்துவிட்டு வந்ததைப் போல இருக்கும். மூலமொழி என்பது யாரும் காதால் கேட்டிராத மொழி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பார்த்து, தாயின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாங்களாக எழுதிக்கொள்வது. அப்படி எழுதிய தாய்க்கு பிளாக்ஃபுட் பிறந்ததா, இல்லை அவளோடு கூடப் பிறந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் கூடப் பிறந்தது என்ற கட்சி. என் ஆய்வேடே அதுதான். காரணம் எளிது. தாய் தொலைத்துவிட்ட ஒன்று பிள்ளையின் கையில் இருக்க முடியாது, இருந்தால் அது பிள்ளை இல்லை, அந்தப் பொருள் தொலைவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்த ஆள். கிரீக்கு அது அக்கா முறை ஆகாது, சித்தி முறை. இதைத்தான் வருஷாவருஷம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறேன். ஒரு கோட்டை ஒரு அங்குலம் மேலே ஏற்றினால் போதும், மற்ற எல்லாக் கோட்டையும் அழித்துப் போட வேண்டும் என்று சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் நானும் அக்காவும் பேசுவோம், அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எனக்குக் காலைக் காப்பி. குளிர்பெட்டி கதவு சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது, ரப்பர் போய்விட்டது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் அதே குரலில், "ஏட்டி, ஒன்னு சொல்லுதேன், கேக்கியா. நீ எனக்குப் பொறந்தவ" என்றாள். நான் "சரிக்கா" என்றேன். அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்தொரு வயது, அவளுக்கு அறுபத்தெட்டு. அறுபத்தெட்டில் ஐம்பத்தொன்று போனால் பதினேழு. இந்தக் கழித்தலை நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், எங்க அக்காவுக்கும் எனக்கும் பதினேழு வயசு வித்தியாசம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் விடை கண்ணில் படவில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், யோபு புத்தகத்தில் பிரியம் அதிகம், யோபின் மூத்த மகள் பெயரை அக்காவுக்கு வைத்தார், எமீமா. பதினேழு வருஷம் கழித்து எனக்கு இரண்டாவது மகள் பெயர், கெத்சியா. பெயர்களை வரிசையாக வைத்ததில் வேலை முடிந்துவிட்டது. யார் கேட்பார்கள்? அம்மாவும் அக்காவும் கோலாரில் பெரியம்மா வீட்டுக்கு ஏழு மாதம் போய்விட்டு, அம்மா கையில் குழந்தையோடு திரும்பி வந்தார்கள். அந்த வயதில் பிள்ளை பெற்றதற்கு அம்மா வெட்கப்பட்டாள் என்று ஒரு கதை வீட்டில் உண்டு, சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் கதையை அக்கா ஒரு தடவையும் சொன்னதில்லை. அது இப்போது தெரிகிறது. அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒருத்தி தாள் கேட்கக் கை தூக்குகிறாள். கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நடந்தால் கால் மரத்துப்போனது தெரிகிறது, நின்றால் தெரியவில்லை. கோட்டை ஒரு அங்குலம் மேலே ஏற்றினால் அப்பா தாத்தா ஆகிறார். அம்மா ஆச்சி ஆகிறாள். ஆசீர் சித்தப்பா மகன், எனக்கு ஏழு வயது இளையவன், தம்பி தம்பி என்று நான் தூக்கி வளர்த்தவன், அவன் எனக்கு மாமா ஆகிறான். கோலார்ப் பெரியம்மா இன்னொரு ஆச்சி. அவர்கள் எல்லாரும் குடும்பப் போட்டோவில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் அசையவில்லை. நான் மட்டும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இறங்கினால் என் பக்கத்தில் யாரும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் எவரும் எனக்கு இல்லை. இதைத்தான் நவம்பரிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். தாய் கிடைத்தாள் என்று நினைக்க வேண்டும், எனக்கு அக்கா போய்விட்டாள் என்றே வருகிறது. இப்போது இரண்டு பேரும் போய்விட்டார்கள், ஒரே பெட்டியில், நான் ஒருத்திக்கும் அழவில்லை. அழ வேண்டுமென்றால் யாருக்கு என்று முதலில் தெரிய வேண்டும் போலிருக்கிறது. அல்லது இது நானாகக் கண்டுபிடித்த சாக்கு. அழுகை வரவில்லை, அதற்கு ஒரு காரணம் எழுதிவைக்கிறேன். காரணம் எழுதுவதுதானே தொழில்.

சான்று என்ன? மாணவர்களிடம் சொல்வேன், ஒற்றுமை சான்று ஆகாது. இரண்டு மொழியில் ஒரு சொல் ஒன்றுபோல இருந்தால் தற்செயலாக இருக்கலாம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாக இருக்கலாம். ஒழுங்காக, வரிசையாக, இந்த ஒலிக்கு எப்போதும் அந்த ஒலி என்று பொருந்தினால்தான் பிறப்பு. எனக்கு அக்காவின் காது. சின்ன மடல், கம்மல் போட்டால் கழுத்துப் பக்கம் சாயும். ஆனால் அப்பாவுக்கும் அதே காது, ஆக அது எதையும் நிரூபிக்காது. இரண்டு பேரும் சோற்றைத் தட்டின் இடது ஓரத்திலிருந்து சாப்பிடுவோம். அது ஒரே வீட்டில் இருந்த பழக்கம், இரவல். எனக்கு அம்மை போட்டபோது அக்கா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள், பதினாறு நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். அம்மா வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கு அம்மை வந்ததில்லை, அதனால் உள்ளே வரவில்லை என்றும் சொல்லலாம். பிறகு அந்தப் பஸ். நான் ஆறாம் வகுப்பு. திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "மகளுக்கு அரை டிக்கெட்டாம்மா?" என்று கேட்டார். அக்கா "ஆமா" என்றாள். நான் இறங்கும்வரை சிரித்தேன், "அக்கா, உங்கள எனக்கு அம்மான்னு நெனச்சிட்டாரு" என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அக்கா சிரித்தாள். அவள் "ஆமா" என்றது அரை டிக்கெட்டுக்கு என்றே முப்பத்தொன்பது வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அது அரை டிக்கெட்டுக்காக இருக்கலாம். ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

மணி பத்து பத்து. காற்று. ஒருத்தன் இருமுகிறான். இந்தக் குடும்பத்து மொழிகளில் மகள் என்று தனியாகச் சொல்ல முடியாது. அந்தச் சொல் தனியாக நிற்காது, யாருடைய மகள் என்பது முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். பிளாக்ஃபுட்டில் நிதானா, என் மகள். கிதானா, உன் மகள். கிரீயில் நிதானிஸ், ஓஜிப்வேயில் நின்தானிஸ், அரபாஹோவில் நொதோனெ, எல்லாம் என் மகள், எவ்வளவு தூரம் பிரிந்து போனாலும் இந்த ஒரு சொல்லில் சாயல் விட்டுப்போகவில்லை. வெறும் மகள் எங்கே என்று கேட்டால் அப்படி ஒன்று கிடையாது. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்வேன், பழந்தமிழிலும் இப்படி இருந்தது, எங்கை என்றால் என் தங்கை, நுங்கை என்றால் உன் தங்கை, தங்கை என்றால் அவளுடைய தங்கை, பிறகு மற்ற இரண்டும் உதிர்ந்துபோய் மூன்றாம் ஆளுக்குரியது மட்டும் மிஞ்சி எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது என்று. ஆக நான் என் தங்கை என்று சொல்லும்போதெல்லாம் வேறு யாருடைய தங்கையையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவர்களுக்கு இது பிடிக்கும், குறித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷமாக எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் அம்மாவின் அக்காவை என்னவென்று கூப்பிடுவீர்கள், அவருடைய மகனை என்னவென்று கூப்பிடுவீர்கள், உங்கள் அப்பாவுக்கு அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். சொல்லத் தயங்கினால் வேறு விதமாகக் கேட்பேன். அதில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் "சரிக்கா" என்றதோடு முடியவில்லை. முடிந்தது என்றே இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். அக்கா அதற்குப் பிறகு பேசாமல் இருந்தாள். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு கேட்டது. அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான்தான் "அக்கா, குக்கர் சத்தம் கேக்கு, போய்ப் பாருங்க" என்றேன். அவள் "ஆமா என்ன, பாக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள், பனி விழுகிறதா என்று கேட்டாள், விழுகிறது என்றேன். அதற்கடுத்த ஞாயிறும். டிசம்பர், கிறிஸ்துமஸ், புது வருஷம், மார்ச்சு முடிய இருபது ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் எடுத்ததும் "சொல்லுங்கக்கா" என்பேன், வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திச் சொன்னேனோ என்னவோ. என்னால் கேட்க முடியவில்லை, அதற்குக் கோபம் காரணமில்லை. கோபம் வந்திருந்தால் கேட்டிருப்பேன். பயம் என்றும் சொல்ல முடியாது. ஊசி போட்ட பல் மாதிரி, நாக்கால் தொட்டால் இருக்கிறது என்று தெரியும், அது என்னுடையதாகத் தெரியாது.

பின்கதவு திறந்து பெர்னடெட் வருகிறாள், கையில் இரண்டு காப்பி. பக்கத்தில் உள்ள கைனாய் என்ற பிளாக்ஃபுட் மக்களில் அவள் ஒருத்தி, பிளாக்ஃபுட் மொழி வகுப்பு எடுப்பவள், பதினெட்டு வருஷமாக என் அறைக்கு அடுத்த அறை. பத்தரைக்கு வந்து பத்து நிமிஷம் என்னை வெளியே விடுவது பரீட்சைக் காலத்து வழக்கம். வினாத்தாளை எடுத்துப் பார்த்து, "இந்த வருஷமும் நாங்க யாருக்குப் பொறந்தோம்னு முடிவாகலையா?" என்று மெதுவாகக் கேட்கிறாள். இது வருஷாவருஷம் கேட்பது. வழக்கமாக நான் ஏதாவது திருப்பிச் சொல்வேன். சொல்லவில்லை என்றதும் முகத்தைப் பார்க்கிறாள். "உங்க அக்கா எப்படி இருக்காங்க? முட்டிவலின்னு சொன்னியே." "இறந்துட்டாங்க" என்கிறேன். "பன்னண்டு நாள் ஆச்சு." காப்பியை மேஜைமேல் வைக்கிறாள். "நீ போகலையா?" "இல்ல." பிறகு, பேனாச் சத்தத்துக்கு நடுவே, வானிலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன், "அவங்க அக்கா இல்ல, அம்மா. நவம்பர்ல சொன்னாங்க. நான் ஒன்னும் கேக்கல. இப்ப கல்லுல என்ன எழுதணும்னு கேக்காங்க." பெர்னடெட் வினாத்தாளைக் கவிழ்த்து வைக்கிறாள். அவளுடைய கதை எனக்குத் தெரியும். மூன்று வயதில் அரசாங்கத்து ஆட்கள் வந்து தூக்கிப்போய் வின்னிபெக்கில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்துநாலு வயதில் விலாசம் தேடித் திரும்பி வந்தாள், மொழியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நான் வந்தப்போ எங்க அம்மா உயிரோட இருந்தாங்க" என்கிறாள் இப்போது. "ஒரு வருஷம் அவங்கள எதுவும் சொல்லிக் கூப்பிடல. பேரும் சொல்லல, அம்மான்னும் சொல்லல. பக்கத்துல போய் நிப்பேன், அவங்களா திரும்பிப் பாக்குற வரைக்கும். எங்க மொழியில 'என்'ன சேக்காம அம்மான்னு சொல்ல முடியாது, உனக்குத் தெரியும். அந்த 'என்' வாயில வரல." "அப்புறம் எப்படி வந்துச்சு?" "வரல. ஒருநாள் மருந்துக்கடையில யாருக்கு மருந்துன்னு கேட்டாங்க. நிக்ஸிஸ்தாவுக்குன்னு சொன்னேன். கடைக்காரிக்கு நான் சொன்னது புரியல, வெள்ளைக்காரி. எங்க அம்மாவுக்குன்னு இங்கிலீஷ்ல திரும்பச் சொன்னேன். மனசுல ஒன்னும் இல்ல அப்போ. வெறும் வார்த்தைதான். மனசு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு." பிறகு, "வெளிய போய்ப் பேசிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்கிறாள். கோட்டைச் சரியாக்குவதுபோல என் தோளை ஒரு தடவை தட்டுகிறாள்.

தாழ்வாரம் நீளமாக, ஆளில்லாமல் இருக்கிறது. பத்து நாற்பது. ஆசீர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "சொல்லுங்கக்கா." பின்னால் டீவி ஓடுகிறது, அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்கிறது. "ஆசீர், கல்லுல தங்கைன்னு போடாத. மகள்னு போடு" என்றேன். என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, சாமான் பட்டியல் சொல்கிற குரல். அவன் யாருக்கு மகள் என்று கேட்கவில்லை. "சரி" என்றான். பிறகு, "பெரியக்கா என்கிட்ட சொல்லிருந்தாங்க. போன கிறிஸ்துமஸுக்கு. நீங்களாச் சொன்னா கல்லுல அப்படிப் போடணும், இல்லன்னா தங்கைன்னே போட்டுரணும், நீயா அவட்ட ஒன்னும் கேக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. அதான் அப்படி எழுதி அனுப்புனேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க." தரையில் யாருடைய பூட்ஸோ கொண்டுவந்த பனி உருகி ஒரு சின்ன குட்டையாக நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். "வேற என்ன சொன்னாங்க?" "வேற ஒன்னும் இல்லக்கா. யாரு, என்னன்னு நான் கேக்கல. நான் கேக்கக் கூடாதில்லா? நீங்க கேட்டா எல்லாத்தையும் சொல்லிரணும்னு இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே சமையல முடிச்சு அடுப்ப அணச்சிருவாங்க, ஃபோன் பேசுற நேரத்துல ஒரு சத்தமும் இருக்கக்கூடாதுன்னு. நான் சமயத்துல போவேன், சாப்பாடு ஆறிக்கிடக்கும். என்னக்கான்னு கேட்டா, இன்னைக்கு அவ கேட்டாலும் கேப்பான்னு சொல்லுவாங்க." அவன் இதை எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல், வீட்டு விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னான். இருபது ஞாயிறு. நான் பனியைப் பற்றிச் சொன்னேன். பனி எத்தனை அங்குலம் என்றுகூடச் சொன்னேன். சுவரில் கையை வைத்துக்கொண்டேன், சுவர் சில்லென்று இருந்தது, அது உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் ஏறி வந்தது, அதுவரைக்கும் தெரிந்தது. "ஆசீர், நான் வாரேன். இந்த வாரமே வாரேன்" என்றேன். "இனி என்னக்கா அவசரம்" என்றான், "கோடை லீவு விட்டதும் மெதுவா வாங்க." ஆறுதலாகத்தான் சொன்னான். "இல்ல, வாரேன்" என்றேன். "சரி, அப்ப வாங்க. கல்லுக்காரர்கிட்ட மகள்னு சொல்லிருதேன்." வைத்துவிட்டான். பக்கத்து ஜன்னலில் காற்று கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே இருபத்திரண்டு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்று அடிக்கப்போகிறது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று போய் நான்தான் சொல்ல வேண்டும்.